கொல்லைக் குட்டைக்கு யாரெல்லாம் வருகிறார்கள், தெரியுமா?

கும்பிடுபூச்சி மீன் பிடித்துத் தின்னும், தெரியுமா? ஈயும் வெட்டுக்கிளியும் பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். எப்போதாவது பல்லியையும் சிட்டுப் போன்ற சிறு குருவியையும்கூட மடக்கிவிடும் என்று படித்திருப்பீர்கள். தண்ணீருக்குள் நீந்துகிற மீனை? பிடித்திருக்கிறது! அதுவும் நமக்குப் பக்கத்திலேயே, கர்நாடகத்தில், ஒரு வீட்டின் மொட்டைமாடித் தோட்டத்தில், அழகுக்காகக் கட்டி வைத்த சின்னக் குட்டையில். ஓர் ஆண் கும்பிடுபூச்சி அல்லி இலையிலும் ஆகாயத்தாமரை இலையிலும் கால் வைத்துத் தண்ணீரின் நடுவுக்கு நடந்து போயிருக்கிறது. முன்னங்கால்களை மடக்கிக்கொண்டு அசையாமல் காத்திருக்கிறது. மேலே வந்த கப்பி மீனை ஒரே வீச்சில் கவ்வித் தூக்கி, உயிர் இருக்கும்போதே தின்னத் தொடங்கியிருக்கிறது. ஒரு நாள் நடந்திருந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஐந்து நாட்களில் ஒன்பது மீன்! 2018ல் இது ஆய்வுக் கட்டுரையாகவே வெளியானது. கும்பிடுபூச்சியின் கண்கள் பகல் வெளிச்சத்துக்கு ஏற்றவை என்பது அதுவரை இருந்த கணிப்பு. இது வேட்டையாடியதோ பொழுது சாய்ந்த பிறகு. தண்ணீருக்குள் இருக்கிற பொருள், ஒளி வளைவதால், இருக்கும் இடத்தை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் தெரியும். அதையும் இந்தப் பூச்சி சமாளித்துவிட்டது!

அதை யாரும் கூப்பிடவில்லை. தண்ணீர் இருந்தது, வந்தது. வீட்டுக் குட்டையின் அதிசயம் முழுவதும் இவ்வளவுதான். நாலடிக்கு ஒரு பள்ளம் போதும். ஒரு சிமென்ட் தொட்டி போதும். மாடு தண்ணீர் குடித்த பழைய கல்தொட்டி கிடந்தால் இன்னும் நல்லது. தண்ணீர் நிற்கத் தொடங்கிய நாளிலிருந்து வானத்திலிருந்தும், மண்ணுக்கடியிலிருந்தும், அடுத்த ஊர் ஏரியிலிருந்தும் வரவு ஆரம்பமாகிவிடும்.

இங்கே தண்ணீர் இருக்கிறதென்று அவற்றுக்கு யார் சொல்கிறார்கள், தெரியுமா? வெளிச்சம் சொல்கிறது! சூரிய ஒளி எல்லாத் திசையிலும் அதிர்ந்துகொண்டே வருகிறது. சலனமில்லாத தண்ணீரில் பட்டுத் திரும்பும்போது அந்த அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாகிவிடுகிறது. நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தட்டானுக்கும் நீர்வண்டுக்கும் நன்றாகத் தெரியும். பறந்துகொண்டிருக்கும்போதே கீழே அந்த ஒளி தட்டுப்பட்டால் தண்ணீர் என்று இறங்கிவிடும். தெருவோரம் நிற்கும் சிவப்புக் கார், கறுப்புக் கார் பானெட்டின்மேல் ஒரு தட்டான் வால் நுனியால் தொட்டுத் தொட்டு எழும்புவதைப் பார்த்திருக்கிறீர்களா? அது முட்டையிடுகிறது! பளபளக்கும் பெயின்ட்டும் அதே மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்புவதால் ஏமாந்துபோகிறது. ஹங்கேரியில் மயானத்துக் கறுப்புக் கல்லறைக் கற்களையே தட்டான்கள் சுற்றிச் சுற்றி வந்ததை 2007ல் ஆராய்ந்து எழுதினார்கள். காரணம் இதேதான். கார்மேல் இட்ட முட்டை வெயிலில் காய்ந்து வீணாகும். ஒரு தெருவுக்கு உண்மையான குட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தத் தாய்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

தட்டான் என்று சொன்னதும் நிறுத்த முடியாது. புரட்டாசி, ஐப்பசியில் மொட்டைமாடிக்கு மேலே கூட்டம் கூட்டமாகச் சுற்றுமே, மஞ்சள் கலந்த பொன்னிறத் தட்டான், அதன் பயணம் உங்களுக்குத் தெரியுமா? இந்தியாவிலிருந்து கிளம்பி, இந்துமாக்கடலைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது! எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இதைக் கண்டு சொன்னவர் சார்லஸ் ஆண்டர்சன், மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியலாளர். அவருடைய கேள்வி எளிமையானது. மாலத்தீவில் ஆறு கிடையாது, ஏரி என்று சொல்ல ஏதும் இல்லை, மழைத் தண்ணீரும் பவளப்பாறை மண்ணுக்குள் இறங்கிவிடும். தட்டான் பெருக நல்ல தண்ணீர் வேண்டும். அப்படியிருக்க, ஒவ்வொரு அக்டோபரிலும் இத்தனை ஆயிரம் தட்டான்கள் இந்தத் தீவுகளில் எங்கிருந்து வந்து இறங்குகின்றன? வருஷக்கணக்கில் தேதிகளைக் குறித்துக்கொண்டே வந்தார். முதலில் தென்னிந்தியா, பிறகு மாலத்தீவு, அதற்கும் பிறகு செஷல்ஸ், கடைசியில் ஆப்பிரிக்கக் கரை. ஒன்றன்பின் ஒன்றாகத் தேதிகள் கச்சிதமாகப் பொருந்தின. 2009ல் அவர் வெளியிட்டார்: போய்த் திரும்பும் மொத்தத் தூரம் 14,000 முதல் 18,000 கிலோமீட்டர்!

ஒரே தட்டான் இவ்வளவும் பறப்பதில்லை. மழை எங்கே போகிறதோ, மழையைக் கொண்டுபோகும் காற்றில் ஏறிக்கொண்டு இதுவும் அங்கே போகிறது. மழை பெய்த இடத்தில் தேங்கிய தண்ணீரில் முட்டையிடுகிறது. அந்தக் குட்டை வற்றுவதற்குள், ஒன்றரை இரண்டு மாதத்துக்குள், புதிய தலைமுறை இறக்கை முளைத்துக் கிளம்பிவிடுகிறது. நாலு தலைமுறையில் ஒரு சுற்று முடிகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்று நம் பாட்டிமார் சொன்னதைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். மழையின் கூடவே வாழ்கிற பூச்சி இது என்று அவர்கள் கண்ணால் பார்த்துத் தெரிந்துவைத்திருந்தார்கள். உங்கள் கொல்லைக் குட்டையில் பிறக்கும் ஒரு தட்டானின் பேரப்பிள்ளை தான்சானியாவில் முட்டையிடலாம். யோசிக்கவே உடம்பு சிலிர்க்கிறது!

பறப்பதற்கு முன்னால் அது தண்ணீருக்கடியில் நடத்தும் வாழ்க்கை இன்னும் வேறு மாதிரி. இறக்கை வராத இளம்பூச்சிக்குச் செவுள் எங்கே இருக்கிறது, தெரியுமா? ஆசனவாய்க்குள்! பின்பக்கம் வழியாகத் தண்ணீரை உள்ளிழுத்து மூச்சு விடுகிறது. ஆபத்து வந்தால் அதே தண்ணீரைப் பீய்ச்சியடித்து முன்னால் பாய்ந்து தப்புகிறது. கீழுதடு மடங்கி முகத்தடியில் ஒட்டியிருக்கும். இரை எட்டும் தூரத்துக்கு வந்ததும் அந்த உதடு சட்டென்று நீண்டு, நுனியிலுள்ள கொக்கியால் கவ்விக்கொண்டு வாய்க்குத் திரும்பிவிடும். கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் அதன் வாயில் இருப்பது கொசுப்புழு.

‘குட்டை வைத்தால் கொசு வருமே?’ என்று கேட்பவர்கள் இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேடிப்போவது தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பூந்தொட்டித் தட்டு, மூடாத டிரம் போன்ற இடங்களை. அங்கே அதைத் தின்ன யாரும் இல்லை. மியான்மரின் யாங்கோனில் 1980களின் தொடக்கத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வீடுகளில் தண்ணீர் பிடித்து வைக்கும் பாத்திரங்களில் சிவப்புத் தட்டானின் இளம்பூச்சிகளை விட்டார்கள். ஏடிஸ் புழுக்கள் சில வாரங்களில் ஏறக்குறைய ஒழிந்தேபோயின! அதே சிவப்புத் தட்டான் தமிழ்நாட்டிலும் உண்டு. வயல், வாய்க்கால், வீட்டுத் தொட்டி, எல்லா இடத்துக்கும் வரும். அதற்கு மருந்தடித்த தண்ணீர் மட்டும் ஆகாது.

இன்னும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். தண்ணீர்மேல் கால் நனையாமல் ஓடுகிறதே ஒரு பூச்சி, அதன் காலில் கண்ணுக்குத் தெரியாத மயிர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் இடுக்கில் காற்று சிக்கிக்கொள்வதால் தண்ணீர் ஒட்டாது. ஒரு கால் மட்டும், மூழ்காமல், அந்தப் பூச்சியின் எடையைப் போல் 15 மடங்கு தாங்கும் என்று 2004ல் அளந்திருக்கிறார்கள். பக்கத்திலேயே சுழன்று சுழன்று ஓடும் கறுப்பு வண்டுக்கு நாலு கண்! ஒவ்வொரு கண்ணும் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி தண்ணீருக்கு மேலேயும் மறுபாதி தண்ணீருக்குள்ளும் பார்க்கிறது. கரையோரம் முன்னங்காலைத் தண்ணீர்மேல் வைத்துக் காத்திருக்கும் சிலந்தி எதற்காகக் காத்திருக்கிறது? மீனுக்காக! அண்டார்டிகா தவிர எல்லாக் கண்டங்களிலும் மீன் பிடிக்கும் சிலந்திகள் உண்டு என்று 2014ல் தொகுத்துச் சொன்னார்கள். பிடிபட்ட மீன், சராசரியாக, சிலந்தியைவிட இரண்டு மடங்குக்கும் மேல் நீளம்!

இந்தக் கூட்டத்தில் என் மனதைக் கவர்ந்தவர் ஓர் அப்பா. நம் ஊர்க் குட்டைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் பழுப்பு நிறத் தட்டை நீர்ப்பூச்சி, கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிது. பெண் பூச்சி வந்து ஆணின் முதுகில் முட்டைகளை வரிசையாக ஒட்டிவிட்டுப் போய்விடும். அன்றிலிருந்து முழுப் பொறுப்பும் அப்பாவுடையது. முதுகு நிறைய முட்டை இருப்பதால் இறக்கையை விரிக்க முடியாது, எங்கேயும் பறந்துபோக முடியாது. முட்டைகளுக்குக் காற்று வேண்டும் என்பதற்காகத் தண்ணீர் மட்டத்துக்கு வந்து முதுகை வெளியே காட்டும். பிறகு உடம்பை மேலும் கீழும் அசைத்து முட்டைகளின்மேல் புதுத் தண்ணீர் ஓடும்படி செய்யும். குஞ்சுகள் ஒவ்வொன்றாகப் பொரித்து வெளியேறும்வரை இதே வேலைதான். பூச்சி உலகத்தில் தாய் காவல் காப்பதுண்டு. தகப்பன் மட்டுமே சுமந்து வளர்ப்பது அபூர்வத்திலும் அபூர்வம்!

இருட்டிவிட்டதா? டார்ச்சை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் வாருங்கள். முதல் மழை பெய்த இரவென்றால் இன்னும் விசேஷம்.

எங்கள் வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் ஒரு மழைக்கால விடியற்காலையில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, உட்சுவரில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. முட்டையின் வெள்ளைக்கருவை நன்றாக அடித்து அப்பியது போல, கைப்பிடி அளவு நுரை. வேலைக்கு வரும் அக்கா தேய்த்துக் கழுவிவிடப் போனார். தடுத்து நிறுத்தினோம். அது மரத்தவளையின் கூடு! நம் குளியலறையில் ஷவர் குழாய்மேல் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே, பழுப்பு நிறத்தில், விரல் நுனியெல்லாம் வட்டத் தட்டோடு, அதேதான். பெண் தவளை தன் உடம்பிலிருந்து வரும் திரவத்தைப் பின்னங்கால்களால் கடைந்து கடைந்து நுரையாக்கி, அதற்குள் முட்டையிடுகிறது. வெளிப்பக்கம் காய்ந்து மேலோடு கட்டிக்கொள்ளும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். தண்ணீரில் முட்டையிட்டால் மீனும் தட்டான் இளம்பூச்சியும் தின்றுவிடும். வெட்டவெளியில் இட்டால் காய்ந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் கண்டுபிடித்த வழி இது. அடுத்து வந்த நாட்களில் தினமும் போய்ப் பார்த்தோம். ஒரு சாயங்காலம் நுரையின் அடிப்பக்கம் இளகித் தொங்கியது. அதிலிருந்து ஒவ்வொன்றாக, வாலை நெளித்துக்கொண்டு, தலைப்பிரட்டைகள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விழுந்தன. விழுந்ததும் நீந்திப் போயின. பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்காமல் நின்று பார்த்தார்கள். அக்காவும் அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவில்லை.

குட்டை கொஞ்சம் பெரிதாக, வயல் பக்கமாக இருந்தால் பெரிய தவளையும் வரும். வருஷம் முழுக்கச் சேற்றுப் பச்சையாக இருக்கும் ஆண், இனப்பெருக்கக் காலத்து மழையில் எலுமிச்சை மஞ்சளாக மாறிவிடுகிறது, தொண்டையின் இரு பக்கமும் அடர்நீலப் பைகள்! முதன்முறை பார்ப்பவர்கள் பிளாஸ்டிக் பொம்மையோ என்று சந்தேகப்படுகிறார்கள். இதன் காலுக்காக ஒரு காலத்தில் இந்தியாவிலிருந்து டன் கணக்கில் ஏற்றுமதி நடந்தது. 1987ல் அரசு தடை விதித்தது. வயலில் பூச்சி தின்னத் தவளை வேண்டும் என்பது அதற்குள் எல்லாருக்கும் உறைத்திருந்தது.

சரி, மீன் எப்படி வருகிறது? யாரும் விடாத குட்டையில் மழைக்குப் பிறகு மீன் துள்ளுவதைப் பார்த்து, வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வழி ஒன்று, நடந்தே வருகிறது! பனையேறிக் கெண்டை என்று நம் முன்னோர் பெயர் வைத்த மீனுக்குச் செவுள் தவிர, தலைக்குள் காற்றைச் சுவாசிக்கத் தனி உறுப்பு உண்டு. மழை இரவில் செவுள் மூடியை விரித்து, அதன் முட்களை ஈரத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தி ஒரு குட்டையிலிருந்து அடுத்த குட்டைக்குப் போய்விடும். இந்த மீனை உலக விஞ்ஞானத்துக்குப் பிரபலப்படுத்திய ஊர் எது, தெரியுமா? நம் தரங்கம்பாடி! அது டேனிஷ்காரர்கள் கையில் இருந்த காலம். 1791ல் டால்டார்ஃப் என்ற டேனிஷ் லெப்டினன்ட், குளத்தோரத்துப் பனைமரத்தின் பட்டை இடுக்கில், தண்ணீருக்கு ஐந்தடி உயரத்தில், மேலே ஏறிக்கொண்டிருந்த இந்த மீனைப் பிடித்ததாக எழுதினார். 1797ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. ஐரோப்பாவே வாய் பிளந்தது. பறவை கொத்திக்கொண்டுபோய் மரத்தில் போட்டிருக்கும் என்று பிற்காலத்தில் சிலர் சந்தேகப்பட்டார்கள். மரம் ஏறும் விஷயத்தில் வாதம் இருக்கலாம். தரையில் நடப்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மழைக்காலத்தில் டெல்டா ஊர்களில் வாய்க்கால் கரையில் நின்றவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள்.

வழி இரண்டு, பறந்து வருகிறது! வாத்தின் வயிற்றுக்குள்! கெண்டை இனத்து மீன்களின் முட்டைகளை வாத்துகளுக்குத் தின்னக் கொடுத்து, எச்சத்தைச் சோதித்துப் பார்த்தார்கள் ஹங்கேரிய ஆராய்ச்சியாளர்கள். ஏறக்குறைய ஆயிரத்துக்கு இரண்டு முட்டை முழுசாக வெளியே வந்திருந்தது. அவற்றில் பலவற்றுக்குள் கரு உயிரோடிருந்தது, சில பொரித்தே விட்டன! 2020ல் வெளியான முடிவு இது. ஆயிரத்துக்கு இரண்டு என்பது சொற்பமாகத் தோன்றும். ஒரு மீன் லட்சக்கணக்கில் முட்டையிடுகிறது, வாத்துக் கூட்டம் வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏரி ஏரியாகப் பறக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

எங்கிருந்தும் வராமல், ஏற்கெனவே மண்ணிலேயே காத்திருப்பவர்களும் உண்டு. கோடையில் வெடித்துக் கிடக்கும் குட்டை மண்ணில் ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டு வைத்தால் ஓரிரு நாளில் புள்ளி புள்ளியாக உயிர்கள் துள்ளும். அப்படித் துள்ளும் சிற்றுயிர்களில் ஒன்றான நீர்த்தெள்ளின் உறங்கும் முட்டைகளை அமெரிக்காவின் மினசோட்டா ஏரிச் சேற்றிலிருந்து எடுத்துப் பொரிக்க வைத்தபோது, அவற்றில் சில ஏறக்குறைய 700 ஆண்டு பழையவை என்று தெரியவந்தது. அதையும் மிஞ்சியது சைபீரியச் செய்தி. பாசியிலும் குட்டைச் சேற்றிலும் வாழும் ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர், உறைந்த மண்ணில் சுமார் 24,000 ஆண்டு கிடந்துவிட்டு, உருக வைத்ததும் அசைந்தது, இரை தின்றது, பெருகவும் செய்தது! 2021ல் வந்த ஆய்வு. அதன் உறவினர்கள் உங்கள் தொட்டிப் பாசியில் இந்த நிமிஷம் நீந்திக்கொண்டிருக்கின்றன.

பறவைகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால் பத்திரிகையில் இடம் போதாது. காகம் காய்ந்த ரொட்டியைக் கொண்டுவந்து தொட்டியில் நனைத்து, ஊறிய பிறகு தின்பதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மடையான் கரையோரம் நின்றால் மண்ணும் அதுவும் ஒன்றாகத் தெரியும். எழும்பினால்தான் வெள்ளை இறக்கை பளிச்சிடும். பச்சைக்கொக்கோ தூண்டில் போடுகிறது! பூச்சியையோ ரொட்டித் துணுக்கையோ தண்ணீரில் போட்டுவிட்டு, அதைக் கடிக்க வரும் மீனைக் கொத்துகிறது. பல நாடுகளில் படம் பிடித்திருக்கிறார்கள். மீன்கொத்தி தண்ணீரில் பாயும்போது தெறிப்பு மிகக் குறைவு, அதன் அலகின் வடிவம் அப்படி. பறவை ஆர்வலரான ஜப்பானியப் பொறியாளர் எய்ஜி நகாட்சு இதைக் கவனித்துத்தான் 1997ல் ஓடத் தொடங்கிய 500 வரிசை புல்லட் ரயிலுக்கு மூக்கு அமைத்தார். சுரங்கப்பாதையை விட்டு வெளியே வரும்போது கேட்ட வெடிச்சத்தம் அடங்கியது. பனிக்காலத்துப் பின்மாலையில் பொறுமையாக உட்கார்ந்திருங்கள். மரக்கிளையிலிருந்து ஒரு வெள்ளை நாடா நழுவி வந்து தண்ணீரைத் தொட்டுவிட்டு மறுபடி கிளைக்குப் போகும். மறுபடி வரும். அரசவால் ஈப்பிடிப்பான் குளிக்கிறது! உடம்பைவிட நீண்ட வால் நனைந்து சொட்டும்.

பறவைகள் அடங்கியதும் வௌவால். பறந்துகொண்டே தாழ வந்து ஒரு வாய்த் தண்ணீர் அள்ளிக் குடித்துவிட்டுப் போகும். இருட்டில் தண்ணீரை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எதிரொலியால்! வழவழப்பான பரப்பு எழுப்பும் எதிரொலியை அது தண்ணீர் என்றே எடுத்துக்கொள்கிறது. ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் 2010ல் வெளியிட்ட சோதனையில் வழுவழு உலோகத் தகட்டை வைத்தபோது அதிலும் குடிக்க முயன்றது, திரும்பத் திரும்ப. குளத்தையே பார்த்திராத குட்டி வௌவாலும் அதையே செய்தது. பிறவியிலேயே வந்த அறிவு! புளியமரத்தில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவாலின் வழி வேறு. தண்ணீர்மேல் வயிறு நனையும்படி உரசிப் பறந்து, மரத்துக்குப் போய் ஈர மயிரை நக்கிக் குடிக்கும்.

பெரியவர்கள் வரும் வீடுகளும் இருக்கின்றன. கொழும்பில் சதுப்புநிலங்களை ஒட்டிய வீடுகளில் தொட்டி மீன் காணாமல் போனால் திருடன் யார், தெரியுமா? மீன்பிடிப் பூனை! கால்விரல்களுக்கு நடுவே ஓரளவு சவ்வு இருக்கும், நன்றாக நீந்தும், தண்ணீரில் குதித்தே மீன் பிடிக்கும். உலக அளவில் அழிவை நோக்கிப் போய்க்கொண்டிருக்கும் காட்டுப்பூனை அது. ஒரு பெருநகரத்தின் நடுவில், கார் ஷெட்டுக்குப் பக்கத்தில், நள்ளிரவில் வந்து கோய் என்ற அலங்கார மீனைப் பிடித்துப் போகிறது. சிங்கப்பூரில் ஒரு காலத்தில் காணாமலே போயிருந்த நீர்நாய்கள் 1990களில் திரும்பி வந்தன. ஆறு சுத்தமானது, குடும்பம் குடும்பமாகப் பெருகின. 2020ல் ஊரடங்கில் தெருக்கள் வெறிச்சோடிக் கிடந்தபோது வீட்டு வாசலுக்கே வந்து, விலை உயர்ந்த கோய் மீன்களைத் தின்றுவிட்டுப் போயின. மீனை இழந்தவர்களின் வருத்தம் நியாயமானது. என்னைக் கேட்டால், ஒரு நகரம் தன் ஆற்றைத் திருத்தியதற்குக் கிடைத்த நற்சான்றிதழ் அது! நம் காவிரியிலும் அதே இனத்து நீர்நாய்தான் வாழ்கிறது.

நம் கொல்லைக்கு வரக்கூடிய பெரியவர் பாலாமை. ஏரிக்கரை ஊர்களில் அடைமழைக்குப் பிறகு கேட்டடியில் மெதுவாக ஊர்ந்துகொண்டிருக்கும். குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து மாதக்கணக்கில் கிடக்கும், மழை வந்ததும் எழுந்து நடக்கும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. அதிர்ஷ்டம் என்று வீட்டுத் தொட்டியில் பிடித்து வைப்பது குற்றம், வனத்துறைக்குச் சொல்லிவிடுங்கள். தண்ணீர்ப் பாம்பும் வரும். சதுரம் சதுரமாகக் கட்டம் போட்ட உடம்பு, மீனும் தவளையும் அதன் சாப்பாடு. விஷம் கிடையாது, சீண்டினால் மட்டும் வெடுக்கென்று கடிக்கும். எந்தப் பாம்பு என்று நிச்சயமாகத் தெரியாதபோது கிட்டே போகாதீர்கள், அடிக்கவும் அடிக்காதீர்கள். தீயணைப்புத் துறையையோ பாம்பு பிடிப்பவரையோ கூப்பிடுங்கள்.

ஒரு வீட்டுத் தோட்டத்துக்கு மொத்தம் எத்தனை வகை உயிர்கள் வரக்கூடும்? இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் தன் வீட்டுத் தோட்டத்திலேயே இதை எண்ணிப் பார்த்தார். காடு கிடையாது, பண்ணை கிடையாது, புறநகர்த் தெருவில் ஒரு சாதாரண வீடு. முப்பது ஆண்டுகள் விடாமல் எண்ணினார், அதுவும் நோயோடு போராடிக்கொண்டே. செடிகளும் பிராணிகளுமாக 2,673 வகை! குளிர் நாட்டிலேயே இவ்வளவு. வெயிலும் இரண்டு பருவமழையும் உள்ள நம் மண்ணில் யாராவது அப்படி உட்கார்ந்து எண்ணினால் எங்கே போய் நிற்கும்! எண்ண ஆள் வேண்டும். நீங்கள் ஏன் தொடங்கக் கூடாது?

தொடங்குவதென்றால் சில விஷயங்கள். ஒரு பக்கம் சரிவாக இருக்கட்டும், இல்லையென்றால் தொட்டிக்குள் சாய்வாக ஒரு கல்லோ பலகையோ போடுங்கள். தவறி விழும் அணிலும் ஓணானும் ஏறி வரும், தேனீயும் அதில் உட்கார்ந்துதான் தண்ணீர் குடிக்கும். கோடையில் அந்தத் தண்ணீரை அடைமேல் தெளித்து, இறக்கையால் விசிறித்தான் தேனீக்கள் கூட்டைக் குளிர வைக்கின்றன. மழைத்தண்ணீர் உத்தமம். அல்லி வையுங்கள், கரையில் வல்லாரை படரட்டும், வெங்காயத்தாமரை மட்டும் வேண்டாம். கொசுவுக்கென்று கம்பூசியா மீனை விடாதீர்கள். 1928ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த அந்த வெளிநாட்டு மீன் தவளை முட்டையையும் தலைப்பிரட்டையையும் சேர்த்தே காலி செய்துவிடும். சலித்துப்போன தொட்டி மீனை ஊர் ஏரியில் கொட்டுவதும் அதே கேடு. கைக்குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கம்பிவலை போட்டுத்தான் ஆக வேண்டும், இதில் சமரசமே கூடாது. வலையின் கண் சற்றுப் பெரிதாக இருந்தால் தட்டானும் தவளையும் தாராளமாகப் போய்வரும்.

இந்த மழைக்காலத்துக்கு முன்பே பள்ளத்தை வெட்டிவிடுங்கள். தண்ணீர் நின்றதும் முதலில் வந்தது யார் என்று தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், வீட்டுப் பிள்ளைகளையும் எழுதச் சொல்லுங்கள்.